வேலியில் பிறந்த ரோஜா

ரோஜாச் செடிக்கு வேலி போடுவது நமக்குத் தெரிந்த காரியம். ஆடு கடிக்காமலும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பறிக்காமலும் இருக்கும்பொருட்டு நாலு முள்ளை வெட்டிச் சுற்றிலும் நட்டு வைப்போம். ஆனால் ரோஜாவையே வேலியாக நட்டு, அதற்குள்ளே மற்றப் பயிர்களைக் காப்பாற்றி வந்த தேசம் ஒன்று உண்டென்றால் நேயர்கள் சிரிக்கக்கூடும். இது கட்டுக்கதையன்று. அப்படிப்பட்ட வேலி ஒன்றிலே, யாரும் எதிர்பாராமல் முளைத்த ஒரு செடியின் சந்ததிதான் இன்று உலகத்துப் பூந்தோட்டங்கள் பலவற்றை அழகு செய்துகொண்டிருக்கிறது. நம் வீட்டுக் கொல்லையிலும் அதன் உறவினர் இருக்கிறார்கள்.

அந்தத் தேசம் இந்து மகா சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் தீவு. சென்ற கோடை விடுமுறையில் அதைப் பார்த்து வரும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. மொரீசியஸில் இறங்கி வேறு விமானம் ஏறினால் முக்கால் மணி நேரப் பிரயாணம். இங்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் சமயத்தில் அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே போய்விட்டால் பருவங்கள் தலைகீழாகிவிடும் என்று வகுப்பில் எத்தனையோ வருஷங்களாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மே மாதத்தில் சால்வையைப் போர்த்துக்கொண்டபோதுதான் அந்தப் பாடம் எனக்கே நன்றாக விளங்கிற்று.

தொட்டபெட்டா நெருப்புக் கக்கினால்

ரீயூனியன் என்பது கடலின் அடியிலிருந்து எழுந்து நிற்கும் எரிமலையின் தலை. மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டரில் இருக்கிறது. விஸ்தீரணம் 2,500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நம்முடைய பெரிய ஜில்லா ஒன்றில் பாதி கூட ஆகாது. இந்தச் சிறு நிலத்துக்குள் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரம் ஒன்று நிற்கிறது. அதற்குப் பனிச் சிகரம் என்று பொருள்படும் பெயர். அது அணைந்துபோன எரிமலை. தென்கிழக்கில் உள்ள மற்றொன்று அணையவில்லை. அதன் பெயருக்கு உலைச் சிகரம் என்று அர்த்தம். உயரம் 2,632 மீட்டர். ஏறக்குறைய நீலகிரியின் தொட்டபெட்டா அளவு. உதகமண்டலத்துக்குப் போனவர்கள், தொட்டபெட்டா அடிக்கடி நெருப்புக் கக்குவதாக நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1977-ஆம் ஆண்டில் அந்த மலையின் தீக்குழம்பு ஓர் ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கிவிட்டு, மாதா கோயிலின் வாசலண்டை வந்து இரு பக்கமும் பிரிந்து நின்றுவிட்டது. கறுத்து உறைந்த அந்தப் பாறைக் குழம்பை இன்றும் கோயிலைச் சுற்றிக் காணலாம். அந்தப் பிரதேசத்துக்குப் பெயர் சேன்த் ரோஸ். இந்த ரோஸ் பூவன்று. ரோஸ் என்னும் புனிதவதியின் பெயர். ரோஜாவைத் தேடி வந்தவனுக்கு முதலில் எதிர்ப்பட்ட ரோஸ் நெருப்பில் குளித்த ரோஸாக இருந்தது வேடிக்கைதான்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966-ஆம் ஆண்டு ஜனவரியில் அடித்த புயலின்போது, இந்தத் தீவின் மலைமேல் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னைப் பட்டணத்தில் ஓர் ஆண்டு முழுதும் சாதாரணமாகப் பெய்வதைவிட அது அதிகம். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணும், ஓயாத மழையும், வருஷம் முழுவதும் உறைபனியற்ற கடற்கரையும் சேர்ந்தால் எதைச் செருகினாலும் வேர் பிடிக்கும். ரோஜாக் குச்சி மாத்திரம் விலக்காகுமா?

தீவின் பெயரும் மண்ணைப் போலவே நிலையில்லாதது. 17-ஆம் நூற்றாண்டில் இதைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் தங்கள் ராஜவம்சத்தின் பெயரால் பூர்போன் தீவு என்று அழைத்தனர். புரட்சி வந்து ராஜாவின் தலை போயிற்று. 1793-ல் தீவின் பெயர் ரீயூனியன் ஆயிற்று. பிறகு நெப்போலியன் காலத்தில், 1806-ல், அவன் குலப்பெயரால் பொனபார்ட் தீவு. 1810-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பூர்போன் என்ற பெயர் திரும்பிற்று. 1815-ல் தீவு மறுபடி பிரான்ஸிடம் சேர்ந்தது. 1848-ல் இன்னொரு புரட்சி, மீண்டும் ரீயூனியன். வகுப்பில் ஒரே பையன் வருஷத்துக்கு ஒரு பெயர் சொன்னால் ஆசிரியர் என்ன பாடுபடுவார்! 1946 முதல் இது பிரான்ஸின் ஒரு மாகாணமாகவே இருக்கிறது. ரோஜா பிறந்தபோது தீவுக்குப் பூர்போன் என்ற பெயர் இருந்தபடியால், அந்த ரோஜா இனத்துக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. ராஜவம்சம் போயிற்று, தீவும் பெயரை மாற்றிக்கொண்டது, பூ மாத்திரம் விடவில்லை.

இரட்டை வரிசை

தலைநகரான சேன் தெனியில் அரசாங்கத் தாவரத் தோட்டம் இருக்கிறது. உள்ளே பியேர் புவாவ்ர் என்பவரின் மார்பளவுச் சிலை. கிராம்பையும் ஜாதிக்காயையும் டச்சுக்காரர் காவலிலிருந்து கடத்தி இந்தச் சமுத்திரத் தீவுகளுக்குக் கொண்டுவந்த புண்ணியவான் அவர். பிரெஞ்சு மொழியில் 'புவாவ்ர்' என்றால் மிளகு என்று அர்த்தம். பெயருக்கேற்ற தொழில்!

1817-ல் இந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றுப் பிரான்ஸிலிருந்து பிரெயோன் என்னும் தாவர சாஸ்திரி வந்தார். நம் ரோஜாவின் கதையை உலகுக்குச் சொன்னவர் அவரே. அவர் சொன்னதைத் தாமஸ் ரிவர்ஸ் என்னும் ஆங்கிலத் தோட்டக்காரர், 1837-ல் வெளியான தம் ரோஜா நூலில் எடுத்து எழுதினார். விருத்தாந்தம் இதுதான்:

பூர்போன் தீவில் நிலம் உடையவர்கள் தங்கள் நிலத்தைச் சுற்றி இரண்டு வரிசையாக ரோஜா நட்டு வேலி அமைப்பது வழக்கம். ஒரு வரிசை சீன தேசத்து இளஞ்சிவப்பு ரோஜா. மற்றொன்று, பிரெஞ்சுக்காரர் 'நாலு பருவத்து ரோஜா' என்று அழைக்கும் டமாஸ்க் ரோஜா. தீவின் கிழக்குக் கரையில் சேன் பெனுவா என்னும் ஊரில் பெரிஷோன் என்ற நிலச்சுவான்தார் அப்படியொரு வேலியை நட்டபோது, இளஞ்செடிகளுக்கு நடுவே ஒன்று, தண்டிலும் இலையிலும் மற்றவற்றினின்றும் வேறுபட்டிருக்கக் கண்டார். அதைத் தனியே தம் தோட்டத்தில் வைத்து வளர்த்தார். அடுத்த வருஷம் அது பூத்தது. சீன ரோஜாவும் அல்ல, டமாஸ்கும் அல்ல. இரண்டின் சாயலும் கொண்ட புதுப் பூ. பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையே வண்டு நடத்திவைத்த கல்யாணத்தின் பலன் அது என்பதில் தோட்டக்காரர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதற்கு ரோஸ் எதுவார் என்ற பெயர் வழங்கிற்று.

பிரெயோன் அச்செடியை ஏராளமாகப் பெருக்கி, பாரிஸுக்கு அருகில் நெய்யி அரண்மனைத் தோட்டத்தின் தலைவரான ழாக் என்பவருக்கு விதையும் அனுப்பினார். ஓர்லேயான் கோமகனின் அரண்மனை அது. விதையிலிருந்து ழாக் வளர்த்த செடிதான் ஐரோப்பாவில் பூத்த முதல் பூர்போன் ரோஜா. ரோஜாக்களை ஓவியமாகத் தீட்டுவதில் ஒப்பற்றவரான ரெதூத்தே, 1824-ல் முடிவுற்ற தம் பெரிய சித்திர நூலில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தார். பிறகு நடந்ததை ரோஜாப் பிரியர் அறிவர். 1843-ல் லியோன் நகரத்தில் பெலூஸ் உண்டாக்கிய 'மால்மேசோன் நினைவு', 1851-ல் வந்த 'லூயிஸ் ஓதியே', 1868-ல் வந்த முள்ளில்லாத கொடியான 'செஃபிரீன் துரூவேன்' ஆகியவையெல்லாம் இந்த வமிசமே. இவற்றின் வழியில் கலப்பினங்கள் பெருகி, 1867-ல் 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜா பிறந்தது. இன்று கடைத்தெருவில் நீண்ட காம்போடு விற்கும் கலப்புத் தேயிலை ரோஜா வகையில் முதலாவது என்று வழக்கமாகச் சொல்லப்படுவது அதுதான்.

சேன் பெனுவாவைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. தலைநகரிலிருந்து கிழக்குக் கரையோரமாகச் சாலை செல்லுகிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை, நடுவே கரும்பு. கரும்பு பூக்கும் காலமாதலால், வெள்ளிச் சாமரம் வீசினாற்போல் வயல் முழுவதும் பூங்கதிர் அசைந்துகொண்டிருந்தது. நான் போன வழியில் ரோஜா வேலி ஒன்றையும் காணவில்லை. முள்வேலியின் வேலையைக் கம்பி செய்கிறது. ஊரின் ஓரத்தில் ஆறு சலசலத்துக் கடலில் விழுகிறது. லிச்சி மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. மழை இருந்தாற்போலிருந்து வந்து இருந்தாற்போலிருந்து போகிறது. ரோஜா பிறந்த ஊர் என்று பெருமையடித்துக்கொள்ளும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

வங்காளத்து வழி

பெரிஷோன் வேலியின் தாய் தந்தையர் அந்தத் தீவுக்கு உரியவை அல்ல. இரண்டும் வந்தேறிகளே. சீன ரோஜா வந்த பாதையில் நமக்குச் சம்பந்தம் உண்டு.

காண்டன் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்கள் கல்கத்தாவைத் தொட்டுக்கொண்டு போவது அந்நாளில் வழக்கம். கம்பெனியார் அங்கே 1787-ல் தாவரத் தோட்டம் ஒன்று நிறுவினர். சீனத்துச் செடிகள் அங்கே சிரமபரிகாரம் செய்துகொண்டு, பிறகு மேற்கே புறப்படும். அதனால் பிரெஞ்சுக்காரர் சீன ரோஜாவுக்கு வைத்த பெயர் 'வங்காள ரோஜா'. கல்கத்தாவில் ஏறியதைக் கண்டவர்கள் கல்கத்தாவிலேயே பிறந்ததாக எண்ணிவிட்டார்கள் போலும். ரோஸ் எதுவாரே கல்கத்தாத் தோட்டத்திலிருந்து தீவுக்குப் போயிருக்கலாம் என்றுகூடப் பின்னாளில் சிலர் வாதித்ததுண்டு. அந்த வாதம் எப்படியானாலும், இந்தப் பூவின் ஜாதகத்தில் வங்காளத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது என்பது நிச்சயம்.

சீன ரோஜாவைக் கண்டு ஐரோப்பியர் வியந்ததற்குக் காரணம் அதன் அழகு அன்று. அழகில் அதைவிடச் சிறந்தவை அவர்களிடமே இருந்தன. ஆனால் அவர்களுடைய ரோஜா பெரும்பாலும் கோடையின் தொடக்கத்தில் சில வாரம் பூத்துவிட்டு, மறு வருஷம் வரையில் வெறும் முள்ளாக நிற்கும். சீன ரோஜாவோ பூத்தது உதிருமுன் அடுத்த மொட்டை நீட்டும். டமாஸ்க் வகையில் மாத்திரம் இலையுதிர் காலத்தில் மறுபடி கொஞ்சம் பூக்கும் செடி ஒன்று அவர்களிடம் இருந்தது. வேலியின் இரண்டாம் வரிசையில் நின்றது அதுதான். அதன் பூர்வீகத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மூன்று தனித்தனி ரோஜா இனங்களின் கலப்பு அது என்று 2000-ஆம் ஆண்டில் மரபணுச் சோதனையால் காட்டினார்கள். மூன்றில் ஒன்று மத்திய ஆசியாவைச் சேர்ந்தது. ஆக, சீனாவும் மத்திய ஆசியாவும் ஆப்பிரிக்காவுக்கு அருகில் ஒரு தீவில் சந்தித்துப் பெற்ற பிள்ளை நம் ரோஜா.

ஓயாமல் பூக்கும் குணத்தின் இரகசியமும் நம் காலத்தில்தான் வெளியாயிற்று. ஒருமுறை பூக்கும் ரோஜாவின் உயிரணுவிலே, 'போதும், இனிப் பூக்காதே, கிளையை வளர்' என்று அடக்கி வைக்கும் கடிவாளம் போன்ற மரபணு ஒன்று இருக்கிறது. சீன ரோஜாவில், வேறோர் இடத்திலிருந்து தாவி வந்த மரபணுத் துண்டு ஒன்று அந்தக் கடிவாளத்தின் நடுவே புகுந்து, அதைச் செயலற்றதாக்கிவிட்டது. இதை விளக்கிய ஆராய்ச்சி 2012-ல் வெளிவந்தது. கடிவாளம் போன குதிரை ஓடுகிறது. கடிவாளம் போன ரோஜா பூக்கிறது. கிளைக்குக் கிளை முனையில் மொட்டு. சீனத்து மக்கள் காரணம் அறியாமலே அந்தச் செடியை எத்தனையோ தலைமுறை போற்றி வளர்த்தார்கள். அதனால்தான் அது உலகத்துக்குக் கிடைத்தது.

நட்டவர் யார்?

பெரிஷோன் வேலி நட்டார் என்று புஸ்தகம் சொல்லுகிறது. பெரிய கோயிலை ராஜராஜ சோழன் கட்டினான் என்று நம் சரித்திரப் பாடமும் சொல்லுகிறது. ராஜராஜன் கல் சுமந்தானா என்று பையன்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.

அந்நாளில் பூர்போன் தீவின் ஜனங்களில் பெரும்பாலோர் அடிமைகள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் மக்களுமே நிலத்தில் உழைத்தனர். 18-ஆம் நூற்றாண்டில் நம் இந்தியக் கரையிலிருந்தும் அடிமைகளாகச் சிலர் கொண்டு போகப்பட்டார்கள். நிலச்சுவான்தார் வேலி நட்டார் என்றால், குழி பறித்ததும் குச்சியை ஊன்றியதும் தண்ணீர் சுமந்ததும் யார் கைகள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆயிரம் நாற்றுக்கு நடுவே ஒன்று வேறாக இருப்பதை முதலில் பார்க்கக்கூடியவன், குனிந்து நிற்பவனே அன்றி, திண்ணையில் நாற்காலியில் இருப்பவன் அல்லன்.

இப்படி நான் ஊகம் செய்வதற்கு ஆதாரமாக, அதே கிழக்குக் கரையில் நடந்த வேறொரு நிகழ்ச்சி இருக்கிறது. வனிலா என்னும் வாசனைக் கொடியை மெக்ஸிகோ தேசத்திலிருந்து இத்தீவுக்குக் கொண்டுவந்தார்கள். கொடி தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் சொந்த நாட்டில் மகரந்தம் சேர்க்கும் பூச்சி இங்கே கிடையாது. 1841-ல் சேன்த் சூசான் ஊரில், எத்மோன் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவின் உள்ளே இருக்கும் மடலை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அமுக்கிக் காய்க்கச் செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகமெங்கும் வனிலாத் தோட்டங்களில் கையாளுவது ஏறக்குறைய அவனுடைய முறையே. பெரியவர்களுக்கு எட்டாதது பையனுக்கு எப்படி எட்டியது என்று சந்தேகித்தவர் உண்டு. கண்டுபிடிப்பு எங்களுடையது என்று உரிமை கொண்டாடியவரும் உண்டு. அவனுடைய எஜமானர் மாத்திரம், இது இந்தப் பையனின் வேலைதான் என்று எழுத்து மூலமாகச் சாட்சி சொன்னார். அதனால் எத்மோன் அல்பியூஸ் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது. 1848-ல் விடுதலை பெற்றபோதுதான் அல்பியூஸ் என்ற குலப்பெயர் அவனுக்குக் கிடைத்தது. வனிலாவினால் பிறர் செல்வர் ஆயினர். அவன் 1880-ல் வறுமையில் இறந்தான்.

வனிலாவுக்குச் சாட்சி சொல்ல ஒருவர் இருந்தார். ரோஜாவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

எண்ணும் பெயரும்

1848-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி தீவில் அடிமைத்தனம் ஒழிந்தது. 60,000-க்கு மேற்பட்டவர் விடுதலை பெற்றனர். கரும்பு மட்டும் ஆள் கேட்பதை நிறுத்தவில்லை. தோட்ட முதலாளிகள் நம் கரையை நோக்கித் திரும்பினர். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். 1860-ஐ ஒட்டி ஆங்கிலேயரோடு ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின், ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. ஒப்பந்தக் கூலிகள் என்று பெயர். அவர்கள் பட்ட துன்பம் பொறுக்க முடியாத அளவுக்குப் போனபின், 1882-ல் இந்திய சர்க்கார் அதை நிறுத்தியது. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துப் பாடினார். ரீயூனியனின் கரும்புக்கும் அந்தப் பாட்டு பொருந்தும்.

அவர்களுடைய சந்ததியாரை அங்கே 'மலபார்' என்கிறார்கள். பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழர்களே. வங்காளத்தில் ஏறியதால் சீன ரோஜா வங்காள ரோஜா ஆனாற்போல, இவர்களும் போகாத ஊரின் பெயரைப் பெற்றார்கள். தமிழ் பேசுவது ஏறக்குறைய மறைந்துவிட்டது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. ஆயினும் கோயில்கள் விடாமல் நிலைத்திருக்கின்றன. காவடியும் தீமிதியும் நடக்கின்றன. சேன் ஆந்த்ரே ஊரில் தீபாவளியை ஊர்த் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். ராமசாமி, வீரப்பிள்ளை என்ற குலப்பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் கடைப் பலகைகளில் படித்தபோது என் நெஞ்சு சிலிர்த்தது.

சேன் ஆந்த்ரேயில் கோயிலுக்கு அருகே ஒரு பெரியவர் வீட்டு வாசலில், என் மார்பளவு உயரத்தில் ஒரு ரோஜாப் புதர் இருந்தது. நல்ல இளஞ்சிவப்பு, நெருங்கிய இதழ், உள்ளங்கையில் அடங்கும் அளவு. மழையில் நனைந்தும் வாசனை குறையவில்லை. ஒரு கிளையில் உதிர்ந்த பூவின் காம்பு, மலர்ந்த பூ, மூடிய மொட்டு மூன்றும் சேர்ந்திருந்தன. "ரோஸ் எதுவார்" என்றார் பெரியவர். எனக்குத் துணையாக வந்த அவ்வூர் உபாத்தியாயர் கிரியோலைப் பெயர்த்துச் சொன்னார். பெரியவருக்குத் தெரிந்த தமிழ், வணக்கமும் தெய்வங்களின் பெயர்களுமே. சாமிக்குச் சாத்தும் மாலையை அங்கே பெரும்பாலும் துலுக்க சாமந்தியில் கட்டுகிறார்கள். மாரியம்மன் பூஜைக்கு மாத்திரம் தம் வாசல் ரோஜாவில் நாலு சேர்ப்பது தம் தாயார் காலத்து வழக்கம் என்றார் அவர்.

பிறகு உள்ளே போய், ஒரு பழைய பதிவின் நகலைக் கொணர்ந்து காட்டினார். கப்பலில் வந்த அவருடைய மூதாதையின் பதிவு. பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, வயது, உயரம், அவற்றுக்கெல்லாம் மேலே பெரிய எழுத்தில் ஓர் எண். வந்து இறங்கிய ஒவ்வொரு கூலிக்கும் சர்க்கார் ஒரு பதிவு எண் கொடுத்திருந்தது. பெயரைப் பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி கிறுக்கியிருந்தார். அது முனுசாமியா முனியாண்டியா என்று நானும் அந்த உபாத்தியாயரும் அரை நாழிகை ஆராய்ந்தோம். முனுசாமிதான் என்று நான் தீர்மானித்துச் சொன்னேன். பெரியவர் அந்தப் பெயரை இரண்டு மூன்று தரம் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எண் தவறின்றி எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்க யாருக்கும் சிரமமில்லை.

நம் வீட்டுத் தோட்டத்தில்

ரீயூனியனுக்குப் போய்த்தான் இந்தப் பூவைக் காண வேண்டும் என்பதில்லை. நம் நாட்டுத் தோட்ட நூல்களில் 'எட்வர்டு' என்று சொல்லப்படும் ரோஜா இந்த எதுவார்தான். பிரெஞ்சுப் பெயர் ஆங்கிலத்தின் வழியாக வந்து எட்வர்டு ஆகிவிட்டது. பல்லாண்டுகளாக வட இந்தியாவில் உயர்ந்த ஜாதி ரோஜாக்களை ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாக இதை உபயோகித்து வருகிறார்கள். மேலே பகட்டான பூ. கீழே மண்ணிலிருந்து நீரெடுத்துக் கொடுப்பது எட்வர்டு. தமிழ்நாட்டிலோ உதிரிப்பூவுக்கும் மாலைக்கும் என்றே எட்வர்டு ரோஜாவைப் பயிரிடுகிறார்கள்.

வீட்டில் வைக்க விரும்புவோருக்கு இரண்டொரு வார்த்தை. பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மணல் கலந்த செம்மண்ணில் பாதிக்கு மேல் புதையும்படி ஊன்றி நிழலில் வைத்தால் வேர் விடும். எளிதில் வேர் விடும் குணம் இருந்தபடியால்தான் அந்தக் காலத்தில் வேலிக்கும் இந்தக் காலத்தில் அடிச்செடிக்கும் ரோஜா உதவுகிறது. வேர் பிடித்தபின் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் நட வேண்டும். தண்ணீர் தேங்கலாகாது, தேங்கினால் வேர் அழுகும். நன்றாக மக்கிய தொழு எருவை மாதம் ஒருமுறை வேரைச் சுற்றி இட்டுக் கிளறிவிடலாம். மழைக்காலம் முடிந்ததும் காய்ந்த கிளைகளையும் மெலிந்த கிளைகளையும் கவாத்துச் செய்ய வேண்டும். பூ உதிர்ந்த காம்பை அதன் கீழுள்ள நல்ல இலைவரை அவ்வப்போது கிள்ளிவிட்டால், அந்தக் கணுவிலிருந்து புதுத் தளிரும் அதன் நுனியில் புது மொட்டும் வரும். சோம்பேறித்தனமாக விட்டுவிட்டால் காய் பிடித்துப் பூ குறையும். இலையில் கரும்புள்ளி கண்டால் அந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுவதும், மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதும் நல்லது. செடியைத் தனியே விட்டால் நாலைந்து அடி உயரத்துக்குப் புதராக வளரும். இரண்டடிக்கு ஒன்றாக வரிசையில் வைத்தால் வேலியாகும்.

எங்கள் பள்ளித் தோட்டத்தில் இவ்வருஷம் அப்படியொரு வரிசை வைக்கத் தீர்மானித்திருக்கிறேன். ஒவ்வொரு செடியையும் எந்த மாணவன் நட்டான், எந்த மாணவி தண்ணீர் ஊற்றினாள் என்பதைத் தோட்டக் குறிப்புப் புஸ்தகத்தில் பெயர் சொல்லி எழுதி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வரிசையில் புது ரோஜா எதுவும் பிறவாமல் போகலாம். பிறந்துவிட்டாலோ, நட்ட கை யாருடையது என்று பின்னால் வருகிறவர்கள் ஊகம் செய்ய வேண்டிய அவசியம் இராது.